இயந்திரக் கவசம் பிறந்த கதை

கேள்வி: படங்களிலும் வீடியோ கேம்களிலும் எதிர்காலச் சிப்பாய்கள் உடல் முழுக்க இயந்திரக் கவசம் பூட்டிக்கொண்டு வருகிறார்களே, இது யாருடைய கற்பனை?

பதில்: விண்வெளிக் கவசம் பூண்ட வீரர்களை அமெரிக்க எழுத்தாளர் ஈ. ஈ. ஸ்மித் 1930-களிலேயே 'லென்ஸ்மேன்' கதைகளில் எழுதிவிட்டார். ஆனாலும் இன்று நாம் பார்க்கும் கவசத்துக்கு மூலவர் ராபர்ட் ஹைன்லைன்தான். கடற்படை அதிகாரியாக இருந்து, காசநோயால் 1934-இல் ஓய்வுபெற்றவர். அவருடைய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவல் 1959-இல் வந்தது.

கவசத்தில் காலங்காலமாக ஒரு சிக்கல் உண்டு. தகடு தடிமனானால் உயிர் தப்பலாம். ஆனால் ஓட முடியாது. கவசம் தன் எடையைத் தானே சுமக்கட்டும் என்று ஹைன்லைன் அந்த முடிச்சை அவிழ்த்தார். அவர் கற்பனையில், கவசத்தின் உட்புறம் நூற்றுக்கணக்கான அழுத்த உணரிகள் இருக்கின்றன. வீரன் கையை நகர்த்தினால் உணரி அழுந்தும். அந்த அழுத்தம் நீங்கும்வரை கவசத்தின் கையும் நகரும். அணிந்தால் போதும், ஓட்டப் பழக வேண்டாம். இந்த ஒரு யோசனைதான் அந்த நாவலின் மிகப் பெரிய கொடை என்பேன். ஜப்பானின் 'குண்டம்' (1979) தொடருக்கும் இந்த நாவல் தூண்டுதலாக இருந்தது.

ஜோ ஹால்ட்மேனையும் அவசியம் படியுங்கள். வியட்நாம் போரில் காயம்பட்டவர். 1974-இல் வந்த அவருடைய 'தி ஃபாரெவர் வார்' நாவலில், வீரனின் கால் சிதைந்தால் கவசமே அதைத் துண்டித்து, காயத்தை அடைத்து உயிரைக் காப்பாற்றும். அதே கவசத்தால் பயிற்சியிலேயே வீரர்கள் சாகவும் செய்கிறார்கள். போர்க் கவசத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதியவர்கள் குறைவு.

கேள்வி: நிஜத்தில் யாராவது செய்து பார்த்தார்களா?

பதில்: செய்தார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1960-களில் 'ஹார்டிமேன்' என்ற இயந்திரச் சட்டத்தைக் கட்டியது. அதன் எடை மட்டுமே சுமார் 680 கிலோ. முழுவதையும் ஒன்றாக இயக்கியபோது கட்டுக்கடங்காமல் உதறியது. ஒரு கை மட்டுமே ஒழுங்காக வேலை செய்தது. அமெரிக்கச் சிறப்புப் படைப்பிரிவு 2013-இல் அறிவித்த 'டாலோஸ்' திட்டமும் முழுக் கவசம் உருவாகாமலே 2019-இல் முடிந்தது. மோட்டார்களுக்குத் தேவையான மின்சாரத்தை முதுகில் சுமக்கும் அளவுக்குச் சிறிய பேட்டரியில் அடைக்க முடியவில்லை. கதாசிரியர்கள் ஒரே வரியில் தாண்டிப்போன இடம் இது.

ஆனால் இதே வகை இயந்திரச் சட்டங்கள் மருத்துவத்தில் பலித்திருக்கின்றன. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களை நடக்கவைக்கும் 'ரீவாக்' கருவிக்கு அமெரிக்க அரசு 2014-இல் அனுமதி தந்தது.