ஒலுவில் வீட்டுச் சோறும் எங்கள் லயத்துச் சோறும்



சமையலைப் பற்றி ஒரு பாடம் எழுதும்படி பலர் எங்களைக் கேட்டிருந்தீர்கள். சமையல் பாடம் என்றால் கேக், புடிங், கட்லட் என்று சிலர் நினைக்கலாம். அது தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் சரி. நாங்கள் எழுதப் போவது தினமும் அடுப்பில் ஏறும் சோற்றையும் கறியையும் பற்றித்தான். அதைப் பற்றி எழுத ஒரு காரணமும் இருக்கிறது.

கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக் அட்டையில் "எச்.பி." என்று ஓர் இடம் உண்டு. ஹீமோகுளோபின் என்பதன் சுருக்கம் அது. இரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமந்து செல்லும் சிவப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டும். கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக் கூடாது. மற்றப் பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. குறைந்தால் இரத்தசோகை. மலை ஏறும்போது இளைப்பு, தலைச்சுற்று, கண்ணுக்கு முன்னால் இருட்டு, வேலையில் சோர்வு எல்லாம் வரும். "கொழுந்து கூடைப் பாரம்தான், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். பிறக்கும் பிள்ளையும் எடை குறைந்து பிறக்கலாம். 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடந்த குடிசன சுகாதார ஆய்வில், 5 வயதுக்குக் குறைந்த 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதிருந்தார்கள். தோட்டப்புறத்தை மட்டும் எடுத்தால் அது 32 பேர். இதற்கு வறுமை, தண்ணீர், கக்கூசு வசதி, பூச்சித் தொல்லை என்று பல காரணங்கள் உண்டு. சாப்பாட்டுத் தட்டும் அதில் ஒன்று. எங்கள் கைக்குள் இருப்பது அந்தத் தட்டுத்தான்.

எங்கள் பக்கத்துத் தட்டு எப்படி இருக்கிறது? விடிய 5 மணிக்கு எழுந்து கோதுமை மா ரொட்டி இரண்டு, தேங்காய் கிடைத்தால் சம்பல், இல்லாவிட்டால் மிளகாயை உப்போடு இடித்தது, ஒரு கோப்பை பிளேன்டீ. அதோடு பிரட்டுக்குப் போய்விடுகிறோம். பத்து மணிக்கு மலையில் மறுபடியும் தேத்தண்ணி. பகலுக்குச் சோறும் பருப்பும். இரவுக்குச் சோறோ ரொட்டியோ, மறுபடியும் தேத்தண்ணி. வயிறு நிறைந்துவிடும். இரத்தம் ஊறுவதற்கு அதில் ஒன்றும் பெரிதாக இல்லை.

இந்த ரொட்டிப் பழக்கம் எங்கள் பாட்டிமாரின் ஆசையால் வந்ததல்ல. முந்தின காலத்தில் தோட்டத்திலே அரிசி கொடுத்துச் சம்பளத்தில் பிடித்தார்கள். 1973, 1974 பஞ்சத்தில் அரிசி தட்டுப்பட்டபோது மாவும் மரவள்ளியும்தான் பல உயிர்களைக் காப்பாற்றின, அப்படியும் பட்டினியால் இறந்தவர்கள் தோட்டங்களில் உண்டு. 1980இல் திருகோணமலையில் பிரீமா மா ஆலை திறந்தார்கள். அரிசி விலை ஏறிய போதெல்லாம் மாவுதான் கைகொடுத்தது. ஆகையால் ரொட்டியைத் திட்டுவது எங்கள் நோக்கமல்ல. ரொட்டி தனியாக இருப்பதுதான் பிழை.

இனி ஒலுவிலுக்கு வருவோம். அம்பாறைக் கரையில், கல்முனைக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலுமாக இருக்கும் முஸ்லிம் ஊர் அது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. மலைநாட்டுப் பிள்ளைகளும் அங்கே படிக்கப் போகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி அங்கே ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கிப் படித்தாள். முதல் வாரம் பையிலிருந்து ரொட்டியையும் சீனிச் சம்பலையும் எடுத்துச் சாப்பிட்டதைப் பார்த்த வீட்டு உம்மா, "வெறும் ரொட்டியத் திண்டுட்டு எப்பிடிகா புள்ள படிக்கிற? ஆணம் வெச்சிருக்கன், வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். ஆணம் என்றால் அந்தப் பக்கத்தில் குழம்பு. விடுமுறையில் வந்த பிள்ளை சொன்னாள்: "அம்மா, அந்த வீட்ல பணக்காரச் சாப்பாடு ஒண்ணுமில்ல. ஆனா தட்டுல எப்பவும் மூணு சாமான் இருக்கும். ஏதாச்சும் மீனு, ஏதாச்சும் எல, ஏதாச்சும் புளிப்பு."

பிள்ளை ஒரே வரியில் சொன்னதைத்தான் போசாக்குப் புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்கின்றன.

அங்கே மீன் தாராளம் என்று நீங்கள் சொல்வீர்கள். எப்போதும் இல்லை. கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றோடு கடல் கொந்தளித்தால் வள்ளம் இறங்காது. 2013இல் ஒலுவில் துறைமுகம் திறந்த பிறகு அதன் வாயை மணல் மூடியதும், பக்கத்துக் கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோப்புகளை விழுங்கியதும் அங்கத்தைய மீனவர்களின் பெரிய கவலை. மீன் இல்லாத நாளில் அவர்களும் கருவாட்டைத்தான் எடுக்கிறார்கள். இருக்கும் நாளிலும் ஏழை வீட்டுச் சட்டியில் வேகுவது பாரையோ அறக்குளாவோ அல்ல. கரைவலையில் வரும் கீரி, சூடை, நெத்தலி போன்ற பொடி மீன்கள். பொடி மீனை முள்ளோடு மென்று தின்னலாம், அந்த முள்ளில் எலும்புக்குத் தேவையான கல்சியம் இருக்கிறது. பெரிய மீனின் ஒரு துண்டு வாங்கி ஐந்து பேர் பிய்த்துத் தின்பதைவிட, அதே காசுக்கு ஒரு பிடி நெத்தலி மேல் என்பது எங்கள் அபிப்பிராயம். நெத்தலிக் கருவாடு மலைநாட்டுக் கடைகளிலும் கிடைக்கிறதே!

புளியாணம்

கிழக்குக் கரை முஸ்லிம் வீடுகளில் அடிக்கடி வைப்பது இது. எங்கள் ரசத்துக்குச் சித்தப்பா பிள்ளை என்று சொல்லலாம். தேங்காய் தேவையில்லை. தேங்காய் விற்கிற விலைக்கு அதுவே பெரிய இலாபம்.

ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு 50 கிராம் நெத்தலிக் கருவாடு போதும். தலையைக் கிள்ளிவிட்டு, சுடுநீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு தரம் அலசி உப்பைப் போக்குங்கள். தேசிக்காய் அளவு பழப்புளியை மூன்று கோப்பைத் தண்ணீரில் கரைத்து வடித்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சின்னச் சீரகம், ஐந்தாறு பல் உள்ளி ஆகியவற்றை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மையாக அரைக்கத் தேவையில்லை. சட்டியில் புளித் தண்ணீர், தட்டிய சரக்கு, அரிந்த வெங்காயம் ஒரு பிடி, பிளந்த பச்சை மிளகாய் மூன்று, கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள் எல்லாம் போட்டுக் கொதிக்க விடுங்கள். தக்காளி இருந்தால் ஒன்று நறுக்கிப் போடலாம். நன்றாகக் கொதித்ததும் நெத்தலியைப் போட்டு, பத்து நிமிடம் சிறு தீயில் வைத்து இறக்குங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும். கருவாட்டிலேயே உப்பு இருக்கும், பிரஷர் உள்ளவர்கள் விசேஷமாகக் கவனியுங்கள். குளிர் நாளில் சூடான சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டால் மூக்கடைப்புக்கும் சுகம்.

இலைச் சுண்டல்

சுண்டல் என்றதும் கோயில் கடலையை நினைக்காதீர்கள். அங்கே கீரையை நுணுக்கி அரிந்து தேங்காய்ப்பூ போட்டு வதக்குவதற்குப் பெயர் சுண்டல், எங்கள் பக்கத்தில் மல்லுங் என்பார்களே, அதேதான். ஒலுவில் பக்கத்தில் வளவுக்கு ஒரு முருங்கை மரமாவது நிற்கும், இலைக்குப் பஞ்சமில்லை. உயர்ந்த மலைத் தோட்டங்களில் முருங்கை சரியாக வராது. பரவாயில்லை. வல்லாரை, பொன்னாங்காணி, பூசணிக் கொழுந்து, முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை, நோக்கோல் இலை எதுவும் ஆகும். மரக்கறித் தோட்டத்தில் கிழங்கை எடுத்துக்கொண்டு இலையை மாட்டுக்குப் போடுகிறோம். மாடு கொழுக்கிறது!

இலையைக் கழுவிய பிறகுதான் அரிய வேண்டும். அரிந்த பின் கழுவினால் சத்து தண்ணீரோடு ஓடிவிடும். சட்டியில் வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், உப்பு போட்டு, இருந்தால் தேங்காய்ப்பூ ஒரு பிடி சேர்த்து, இலையைக் கொட்டி மூன்று நான்கு நிமிடம் கிளறினால் போதும். பச்சை நிறம் மாறுமுன் இறக்குங்கள். இறக்கிய பிறகு, அடுப்பில் இருக்கும்போது அல்ல, பாதித் தேசிக்காயைப் பிழியுங்கள்.

ஏன் அந்தத் தேசிக்காய்? இலையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு லேசில் உறிஞ்சாது. மீனும் இறைச்சியும் ஒரே தட்டில் இருந்தால் கூடுதலாக உறிஞ்சும். விற்றமின் சி இருந்தாலும் உறிஞ்சும். தேசிக்காயில் அது உண்டு, ஆனால் சூட்டில் அழிந்துவிடும். அதனால்தான் இறக்கிய பின் பிழிவது. தேசிக்காய் இல்லாத நாளில் சோற்றுக்குப் பிறகு ஒரு கொய்யாப்பழம் போதும். கொய்யாவில் தோடம்பழத்தைவிட விற்றமின் சி கூடுதல். லயத்துக்குப் பின்னால் அது உதிர்ந்து கிடக்க, பிள்ளைகளுக்குக் கடையில் கலர்த் தண்ணீர் வாங்கிக் கொடுக்கிறோம்.

தேத்தண்ணி விஷயம்

நாங்கள் பறித்த கொழுந்தைப் பற்றி நாங்களே குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். தேநீர் நல்ல பானம்தான். குடிக்கும் நேரம்தான் கேள்வி. சாயத்தில் உள்ள துவர்ப்புப் பொருள் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். இலை, பருப்பு, ரொட்டி ஆகியவற்றோடு தேத்தண்ணி குடித்தால், உடம்பில் சேரும் இரும்பு பாதிக்கு மேலும் குறையலாம். பால் ஊற்றினாலும் இதே கதைதான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, இரண்டாவது பிள்ளை வயிற்றில், கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசையை ஒரு நாளும் தவறவிடவில்லை. எச்.பி. மட்டும் ஏறவில்லை. மிட்வைப் அம்மா விசாரித்தபோதுதான், குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கி வந்தது தெரிந்தது. "தண்ணி பச்சையா குடிச்சா குமட்டுது மிஸ்" என்றாளாம். ஆறின கொதித்த தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து குடிக்கச் சொன்னார்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: கல்சியம் குளிசையையும் இரும்புக் குளிசையையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது.

ஒலுவில் வீட்டில் பகல் சோற்றுக்குப் பிறகு தேத்தண்ணி இல்லையாம், பின்நேரம் அஸர் தொழுகை முடிந்துதான் கேத்தல் ஏறுமாம். அங்கும் எல்லா வீட்டிலும் அப்படியிருக்காது. அந்தத் தேத்தண்ணியில் போடும் சீனியைப் பார்த்தால் எங்களுக்கே பயம் வரும் என்று பிள்ளை சொன்னாள், அதை நாங்கள் படிக்க வேண்டாம்! சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் இருந்தால் போதும். காலையில் எழுந்தவுடன் ஒரு கோப்பை குடியுங்கள், பிறகு சமையல் வேலை முடித்து ஒரு மணி நேரம் கழித்து ரொட்டியைச் சாப்பிடுங்கள். பத்து மணித் தேத்தண்ணிக்கு ரொட்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள், அதற்குப் பதிலாக அவித்த வற்றாளையோ மரவள்ளியோ கொண்டு போனால், குறைந்தது இரும்புச்சத்துள்ள சாப்பாட்டை வீணாக்காமல் இருக்கலாம்.

சட்டியின் அடியில்

2022 செப்டெம்பரில், கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி, சாப்பாட்டுச் சாமான்களின் விலை ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ 95 சதவீதம் கூடியிருந்தது. அந்த நேரம் பல வீடுகளில் முட்டையும் கருவாடும் நின்றன. எந்தத் தட்டிலிருந்து முதலில் நின்றன என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவுக்கு வைப்போம், பிள்ளைகளுக்கு வைப்போம், மாமியாருக்கு வைப்போம். கடைசியில் சட்டியின் அடியில் உள்ள குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவது அம்மா. மாதம் தவறாமல் இரத்தம் இழப்பதும், வயிற்றில் பிள்ளை சுமப்பதும் அவள்தான். தகப்பன்மாரே, இந்த இடத்தை நீங்களும் வாசிக்க வேண்டும். நெத்தலி ஐந்து பேருக்கு என்றால், சட்டியை இறக்கியதும் ஐந்து பங்காக முதலிலேயே வையுங்கள். கர்ப்பிணி இருந்தால் அவளுக்கு ஒரு பிடி கூட. கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா பக்கட்டும் அவளுக்குரியதுதான், வீடு முழுக்க உருண்டை பிடித்துப் பகிர்வதற்கல்ல. கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எச்.பி. மிகவும் குறைந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. குளிசையும் பூச்சி மருந்தும் வைத்தியர் சொன்னபடி எடுக்க வேண்டும்.

கீரை பறிக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேயிலை மலை ஓரத்தில், மருந்து அடிக்கும் பக்கத்தில் தழைத்து நிற்கும் வல்லாரையைத் தொடாதீர்கள். கக்கூசுக் கான் ஓரத்திலும் வேண்டாம். ஒரு பழைய சிமெந்துப் பேக்கில் மண் நிரப்பி இஸ்தோப்பு ஓரத்தில் வைத்தால், பொன்னாங்காணித் தண்டைக் குத்திவிட்டாலே பிடித்துக்கொள்ளும். வளர வளரக் கிள்ளலாம். கருவாடு வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள், நன்றாகக் காய்ந்தது ஒடியும். பிசுபிசுப்பாக மடிந்தாலோ, மஞ்சள் பூத்து எண்ணெய் வாடை அடித்தாலோ வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் தேங்காயில்லாமல், குறைந்த காசில், மீனோ பயறோ இலையோ சேர்த்து வைக்கும் கறி ஒன்று இருக்கும். பாட்டி சொல்லித் தந்ததாக இருந்தால் இன்னும் விசேஷம். ஒரு தாளில் எழுதி, எழுத வராதவர்கள் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்து, பிள்ளைக்காம்பரா அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அளவையும் எத்தனை பேருக்கு என்பதையும் மறக்காமல் குறியுங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.