குடல் பரிசோதனையா? இதயத்தையும் கவனியுங்கள்!

"பேதிக்குச் சாப்பிடுறது நமக்குப் புதுசா டாக்டர்?" என்று கேட்பவர்கள் புதுச்சேரியில் நிறையப் பேர். நியாயம்தான். நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து சாப்பிடச் சொல்வது நம் சித்த மருத்துவம். ஆனால் உடல் வன்மை பார்த்துக் கொடு என்றும் அதுவே சொல்கிறது. கொலனோஸ்கோபிக்கு முன்னால் தருவது பெருங்குடலையே கழுவிவிடும் மருந்து. ஒழுங்கற்ற இதயத் துடிப்பு உள்ளவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

காரணம் என்ன? பேதியாகும்போது தண்ணீரோடு பொட்டாசியம், மக்னீசியம் உப்புகளும் போய்விடுகின்றன. இதயத் துடிப்பு சீராக ஓட இவை வேண்டும். அதனால்தான் இதய நோயாளிகளுக்குப் பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைத் தருகிறார்கள். சோடியம் பாஸ்பேட் மருந்தைத் தவிர்ப்பார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று 2008-ல் அமெரிக்க அரசே எச்சரித்தது. கடையில் நீங்களாகவே வாங்கிக் குடிக்காதீர்கள்.

முதல் நாள் தெளிந்த நீராகாரம்தான். வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளினால் சோடியம் குறைந்துவிடும். வடிகட்டிய காய்கறி சூப், மோர் கலக்காத உப்புக் கரைசல், எலுமிச்சைச் சாறு என்று மாற்றிக் குடியுங்கள். இளநீர் நல்லதுதான், சிறுநீரகக் கோளாறு இருந்தால் வேண்டாம். செம்பருத்தி டீ, பீட்ரூட் சாறு கூடாது. சிவப்பு நிறம் ரத்தம் மாதிரியே தெரியும்!

இனி முக்கியமான விஷயம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை. குடலில் சதை வளர்ச்சி இருந்தால் அங்கேயே வெட்டி எடுப்பார்கள். மாத்திரையை நிறுத்தாவிட்டால் ரத்தப்போக்கு. நீங்களே நிறுத்தினால் கட்டி உருவாகி மூளைக்குப் போய் பக்கவாதம். இரண்டும் ஆபத்து. வார்ஃபரினைப் பெரும்பாலும் 5 நாள் முன்பே நிறுத்தி, ரத்தம் உறையும் அளவைச் சோதிப்பார்கள். அபிக்ஸாபான் போன்ற புது மாத்திரைகளுக்கு ஓரிரு நாள் போதும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கூடுதல் நாள். செயற்கை வால்வு உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. இடையில் ஊசி போட வேண்டி வரலாம். எனவே தேதி வாங்கியதுமே இதய மருத்துவரைப் பாருங்கள். எந்த மாத்திரையை எந்த நாள் நிறுத்த, எப்போது மறுபடி தொடங்க என்று தாளில் எழுதி வாங்குங்கள். துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை வழக்கமாக நிறுத்த மாட்டார்கள். ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கச் சொல்வார்கள். சிறுநீர் பிரியத் தரும் மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள்.

எங்கள் மருந்துகளையும் மறைக்காதீர்கள். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் பொட்டாசியம் குறையும். நிலவாகைச் சூரணம் கூடச் சேர்ந்தால் பேதி எல்லை மீறும். பூண்டு மாத்திரையும் வார்ஃபரினும் சேர்ந்தால் ரத்தக் கசிவு அதிகமாகலாம். இரும்புச் சத்து மருந்தை ஒரு வாரம் முன்பே விட வேண்டும். குடல் கருத்துப்போய் ஒன்றும் தெரியாது. பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சதையை வெட்டப் பயன்படும் மின்சாரம் அதைக் குழப்பக்கூடும்.

மருந்தில் பாதி முந்தின மாலை, மீதி பரிசோதனையன்று விடியற்காலை என்று குடிக்கச் சொல்வார்கள். பாகூரிலிருந்து கோரிமேட்டுக்கு பஸ்ஸில் வருவதாக இருந்தால் கஷ்டம்தான்! முதல் நாளே டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். தனியாக இருக்க வேண்டாம். குடிக்கும்போது படபடப்பு கூடினாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு அடைத்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சதை எடுத்திருந்தால் இரண்டு வாரம் வரைகூட மலத்தில் ரத்தம் வரலாம். வந்தால், உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.