இடைவெளி சுருங்கினால் ஆள் கவிழ்ந்துவிடுவாரா?

"இன்னும் பத்து நாள் கிடைத்திருந்தால் நியூயார்க் மேயர் குவோமோதான்." இதை வாட்ஸ்அப்பில் படித்தேன், கல்யாணப் பந்தியில் கேட்டேன், நன்கு படித்த நண்பர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி எனக்கே விளக்கினார். எல்லாரும் நீட்டும் ஆதாரம் ஒன்றுதான். 2025 செப்டம்பரில் சஃபோக் பல்கலைக்கழகம் எடுத்த கருத்துக்கணிப்பில் ஸோரான் மம்தானி 20 புள்ளி முன்னிலை; அக்டோபர் கடைசியில் அதே பல்கலைக்கழகம் எடுத்ததில் 10 புள்ளி. ஒரு மாதத்தில் பாதி கரைந்தது, இன்னும் கொஞ்சம் நாள் போயிருந்தால் மீதியும் கரைந்திருக்கும் என்கிறார்கள். மாதிரிக் கணக்கெடுப்பே பிழைப்பாக இருக்கும் எனக்கு இதைக் கேட்டால் ரத்தக் கொதிப்புதான் ஏறுகிறது.

இடைவெளியைச் சொல்கிறவர்கள் அந்தக் கணிப்புகளின் எண்களை முழுதாகப் பார்த்திருக்கிறார்களா? செப்டம்பரில் ஜனநாயகக் கட்சியின் மம்தானி 45, சுயேச்சையாக நின்ற ஆண்ட்ரூ குவோமோ 25, குடியரசுக் கட்சியின் கர்ட்டிஸ் ஸ்லிவா 9, அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ் 8. அக்டோபரில் மம்தானி 44, குவோமோ 34, ஸ்லிவா 11. மம்தானி இழந்தது ஒரே ஒரு புள்ளி. அவருடைய ஆதரவு கரைந்தது என்று எந்தக் கண்ணால் பார்த்தார்கள்?

ஏறியவர் குவோமோ. அவர் ஏறியதற்கும் மாயமந்திரம் தேவையில்லை. செப்டம்பர் 28 அன்று ஆடம்ஸ் போட்டியிலிருந்து விலகினார்; அக்டோபர் 23 அன்று குவோமோவுக்கு ஆதரவு தெரிவித்தார். ஒரு கடை மூடினால் அதன் வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். ஆனால் அந்தக் கடை ஒருமுறைதான் மூடும். அடுத்த பத்து நாளில் ஆடம்ஸ் இன்னொரு தடவை விலகியிருக்க முடியுமா?

சரி, ஸ்லிவா விலகியிருந்தால் என்று அடுத்த கேள்வி வரும். நவம்பர் 4 தேர்தல் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள்: மம்தானி ஏறத்தாழ 51 சதவீதம், குவோமோ 41, ஸ்லிவா 7. ஸ்லிவாவுக்கு விழுந்த வாக்குகளில் ஒன்றுகூடச் சிந்தாமல் அப்படியே குவோமோ பக்கம் போயிருந்தாலும் 48. சிறுபிள்ளைகூடக் கூட்டிவிடும். போதாததற்கு, முன்கூட்டியே வாக்களிக்கும் வசதி அக்டோபர் 25 அன்றே தொடங்கிவிட்டது. 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்தல் நாளுக்கு முன்பே வாக்கைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 'இன்னும் பத்து நாள்' எவ்வளவு நீண்டாலும் அவர்கள் மனம் மாறி என்ன ஆகப்போகிறது?

அடுத்தது பிழை வரம்பு. இதைப் பற்றிப் பேசும்போதுதான் என் பொறுமை முற்றாகப் போகிறது. 500 பேரிடம் கேட்டு எடுக்கும் கணிப்பின் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ சுமார் 4 புள்ளி என்று போடுவார்கள். அது ஒரு வேட்பாளரின் சதவீதத்துக்கு. இரண்டு பேருக்கு இடையிலான வித்தியாசத்துக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, ஏனென்றால் ஒருவரை விட்டு நழுவும் பதில் பெரும்பாலும் மற்றவர் கணக்கில் ஏறுகிறது. அத்தகைய இரு கணிப்புகளை அடுத்தடுத்து வைத்து, முன்னிலை எவ்வளவு மாறியது என்று பார்த்தால் பிழை வரம்பு 10 புள்ளியைத் தொட்டுவிடும். அதாவது 20 பத்தாகச் சுருங்கியது என்ற செய்தியில் பெரும்பங்கு தற்செயலாகவே இருக்கலாம். ஆடம்ஸ் விலகியதால் கொஞ்சம் உண்மையிலேயே சுருங்கியது, மறுக்கவில்லை. எவ்வளவு என்று அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

இன்னொரு வேடிக்கை. அக்டோபரின் அதே கடைசி நாட்களில் களத்தில் இருந்த எமர்சன் கல்லூரிக் கணிப்பு மம்தானிக்கு 25 புள்ளி முன்னிலை தந்தது. அட்லஸ்இன்டெல் நிறுவனம் 7 புள்ளிகூடத் தரவில்லை. முதலில் எமர்சனையும் பிறகு அட்லஸையும் வெளியிட்டால் 'மம்தானி சரிவு'. மாற்றி வெளியிட்டால் 'மம்தானி அலை'. இடையில் ஒரு வாக்காளரும் மனம் மாறியிருக்கத் தேவையில்லை. ஒரு நிறுவனத்தின் கணிப்பை அதே நிறுவனத்தின் பழைய கணிப்போடு மட்டுமே ஒப்பிட வேண்டும் என்று முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்போம். தொலைக்காட்சி வரைபடக்காரர்களுக்கு அந்தப் பயிற்சி இல்லைபோலும்.

களத்தில் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். "இன்று தேர்தல் நடந்தால் யாருக்கு வாக்களிப்பீர்கள்?" மறுமுனையில் ஒரு மௌனம். "இன்னும் முடிவு பண்ணலை." சில நிறுவனங்கள் அதை அப்படியே 'முடிவு செய்யாதவர்' என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். சில விடாது: "இப்போதைக்கு யார் பக்கம் கொஞ்சமாவது சாய்கிறீர்கள்?" அப்போது ஒரு பெயர் வந்து விழும். ஒரே ஆள், ஒரே மனநிலை, இரண்டு வெவ்வேறு கட்டங்கள். சஃபோக்கின் அக்டோபர் கணிப்பில் மூவரையும் கூட்டினால் 89தான் வருகிறது. தேர்தலன்று மம்தானி 44-இலிருந்து 51-க்கும், குவோமோ 34-இலிருந்து 41-க்கும் போனார்கள். இருவருக்கும் சமமாக ஏழு ஏழு! இடைவெளி கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. 'சரிந்துகொண்டிருந்த' ஆளுக்கு அந்த ஏழு எப்படி வந்தது என்று கேட்டால் பந்தியில் பேச்சு பாயசத்துக்கு மாறிவிடுகிறது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம்.

கணிப்புகள் எப்போதும் பின்தங்கியவரைக் குறைத்தே காட்டும் என்கிறார்கள். அதே நியூயார்க்கில் 2025 ஜூன் மாத ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தலுக்கு முன் பெரும்பாலான கணிப்புகளில் முன்னால் நின்றவர் குவோமோ. பின்தங்கியிருந்த மம்தானி கடைசிச் சுற்றில் 56க்கு 44 என்று ஜெயித்தார். அதே பின்தங்கியவர் நவம்பரில் முன்னிலையோடு போய், அதே முன்னிலையோடு ஜெயித்தார். லண்டனில் 2024 மே மாத மேயர் தேர்தலுக்கு முன் யூகவ் நிறுவனம் சாதிக் கானுக்கு 22 புள்ளி முன்னிலை என்றது, சவாந்தா 10 என்றது, முடிவு 11. வாக்குகளை எண்ணி முடிப்பதற்குள் அவரை எதிர்த்து நின்ற சூசன் ஹால் ஜெயித்துவிட்டதாக ஊரெல்லாம் கிளம்பிய வதந்தியை நம்பினவர்களில் விவரம் தெரிந்தவர்களும் உண்டு. கணிப்பு இரு பக்கமும் தவறும். எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரிந்தால் கணக்கில் நாங்களே திருத்திக்கொள்ள மாட்டோமா?

"என்னை யாருமே கேட்கவில்லையே." 80 லட்சம் பேர் வாழும் நகரில் 500 பேரைத்தான் கேட்பார்கள். ஊரின் அளவு பெரிதாக இருப்பதால் மாதிரியும் பெரிதாக வேண்டியதில்லை. சந்தேகப்பட வேண்டியது எண்ணிக்கையை அல்ல, அந்த 500 பேரை எப்படிப் பொறுக்கினார்கள் என்பதை. யார் வாக்களிக்க வருவார்கள் என்று கணிப்பவர்கள் ஊகிக்கிறார்கள் பாருங்கள், கோளாறு பெரும்பாலும் அங்கேதான். நியூயார்க்கில் 1969-க்குப் பிறகு முதல்முறையாக 20 லட்சம் பேருக்கு மேல் வாக்களிக்க வந்தார்கள். அதற்கு முந்தைய 2021 மேயர் தேர்தலை வைத்து ஊகித்தவர்கள் தடுமாறாமல் என்ன செய்வார்கள்?

எல்லாக் கணிப்பும் காசு வாங்கிக்கொண்டு போட்டது என்பது இன்னொன்று. வேட்பாளரின் அணியே எடுத்து, தனக்குச் சாதகமானதை மட்டும் 'கசியவிடும்' கணிப்பை நானும் தொடமாட்டேன். அட்டவணைகளை வெளியிடும் கணிப்பை நம்ப வேண்டாம், சரிபாருங்கள்.

அட்டவணை என்றதும் என் பழைய புலம்பலுக்கு வந்துவிடுகிறேன். பிரிட்டனில் 2004-இல் தொடங்கிய பிரிட்டிஷ் போலிங் கவுன்சிலில் உறுப்பினராக இருக்கும் நிறுவனம், கணிப்பு வெளியான இரண்டு வேலை நாட்களுக்குள் கேட்ட கேள்வியையும் முழு அட்டவணையையும் பொதுவில் வைக்க வேண்டும். நம் ஊர்ச் சேனல்களில் சதவீதம் மட்டும் திரை முழுக்கச் சுழன்று சுழன்று வருகிறது. எத்தனை பேரைக் கேட்டார்கள், எந்தத் தேதிகளில் கேட்டார்கள், கேள்வியின் வாசகம் என்ன என்பதெல்லாம் வந்தாலும் படிக்க முடியாத எழுத்தில் ஓடி மறைகிறது. 'முடிவு செய்யாதவர்கள்' என்ற வரியோ பல நேரங்களில் வருவதே இல்லை. அவர்களைக் கழித்துவிட்டு மீதியை நூறாக்கிக் காட்டுகிறார்கள். ஆசிரியர்களே, அந்த ஒரு வரியையாவது போடுங்கள். இடம் போதவில்லை என்றால் வேட்பாளர் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.