சொந்தப் பதிப்பா, பதிப்பகமா?

நூலை இயற்றுதல் ஒரு பணி. அதனை அச்சேற்றி மக்கள் கையில் சேர்த்தல் பிறிதொரு பணி. முன்னதற்குப் புலமை போதும். பின்னதற்கோ பொருளும், பிழை திருத்தும் பொறுமையும், விற்கும் வாய்ப்பும் வேண்டும். இம்மூன்றையும் ஆசிரியர் தாமே தாங்குவதா, பதிப்பகத்தாரிடம் ஒப்படைப்பதா என்னும் வினா இன்று எழுதத் தொடங்கும் மாணவர்க்கும் உரியதே. தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாறு இதற்குத் தக்க விளக்கம் தருகின்றது.

சீறாப்புராணத்தை முதலில் நோக்குவோம். உமறுப் புலவர் 1703-இல் மறைந்தார். மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5,027 பாடல்களும் கொண்ட அவர்தம் காப்பியம் 1842-இல்தான் அச்சு வடிவம் பெற்றது. அதாவது, ஏறத்தாழ 140 ஆண்டுகள் அது ஏட்டிலேயே வாழ்ந்தது. அச்சகம் நடத்துவதற்கு இருந்த உரிமக் கட்டுப்பாடுகள் 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிய பின்னர், செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் அதனைப் பதிப்பித்தார். ஒரு புலவரின் தனிமுயற்சி இல்லையேல் அக்காப்பியம் இன்னும் எத்துணைக் காலம் ஏட்டில் கிடந்திருக்குமோ!

பின்னர் அதே நூல் மற்றொரு வழியிலும் வெளிவந்தது. சென்னையில் பத்மவிலாச அச்சுக்கூடத்தை நடத்திய இட்டா பார்த்தசாரதி நாயுடு, கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரைத் தம் பதிப்புப் பணிக்கு அமர்த்திக்கொண்டார். பொருள் பதிப்பாளருடையது, புலமை பாவலருடையது. பதிப்பகம் என்னும் அமைப்பின் உண்மையான பயன் இதுவே. அச்சிட்டுத் தருவது மட்டும் பதிப்பகத்தின் தொழிலன்று. கற்றார் ஒருவரைக் கொண்டு நூலைச் செம்மை செய்விப்பதே அதன் தலையாய கடமை.

சொந்தப் பதிப்புக்குச் சிறந்த சான்று உ.வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணி. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே 1887-இல் அதனை அவர் வெளியிட்டார். அதற்கு அவர் கைக்கொண்ட வழி 'கையொப்பம்' பெறுதல். நூல் வெளிவருமுன்னரே, வாங்க இசைந்தோரிடம் ஒப்பமும் பொருளும் பெற்றுப் பணியை நடத்துவது அம்முறை. ஒப்பமிட்டோரில் தமிழறியாச் செல்வரும் உண்டு. கொழும்பு அன்பரும் உண்டு. விடுமுறை நாள்களிற் சென்னைக்குச் சென்று அச்சுப்படிகளைத் தாமே திருத்தினார். பணம் திரட்டியதையே பலரும் வியப்பர். அச்சுப்படியின்மேல் குனிந்திருந்த அந்நாள்களையே நான் பெரிதாக எண்ணுகின்றேன். நூலின் பெருமைக்கு அடிப்படை அங்கேதான் இருந்தது.

பாரதியார் 1920-இல் வகுத்த திட்டம் இதற்கு நேர்மாறாக முடிந்தது. தம் படைப்புகளை 40 நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிட விரும்பினார். வட்டிக்குக் கடன் தருமாறு அன்பர்களை வேண்டினார். எதிர்பார்த்த பொருள் சேரவில்லை. 1921-இல் அவர் மறைந்தார். ஐயர் ஒரு நூலுக்கு, பெயரறிந்த வாசகரை ஒவ்வொருவராகத் தேடினார். பாரதியார் முகமறியா நாடு முழுவதையும் ஒருங்கே நம்பினார். கவிஞர்க்கு அந்நம்பிக்கை இயல்பே. எனினும் அச்சகத்தார்க்கு அது முன்பணம் ஆகாது.

நம் சமுதாயத்தில் வேறொரு வழக்கமும் உண்டு. செல்வர் ஒருவர் செலவேற்க, நூல் அச்சாகி, திருமண வீட்டிலோ மீலாது விழாவிலோ இலவசமாக வழங்கப்பெறும். ஈகை போற்றத்தக்கது. ஆயின் விலையின்றி வந்த நூலை நூலகமும் கேட்பதில்லை, கடையும் வைப்பதில்லை. வழங்கிய மறு தலைமுறையில் ஒரு படியும் கிடைக்காமற் போன கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் பல. செலவேற்கும் பெரியோர், படிகளில் ஒரு பகுதியையேனும் கல்லூரி நூலகங்களுக்கென ஒதுக்குவாராக.

இனி, இன்றைய நிலை. வேண்டும்போது வேண்டிய அளவே அச்சிடும் முறை வந்துவிட்டமையால் 50 படிகளுடனும் சொந்தப் பதிப்பைத் தொடங்கலாம். ஆயின் விற்பனையாளர்க்குக் கழிவு கொடுக்க வேண்டும். கடன் நிலுவையைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். பதிப்பகத்தில் இத்தொல்லை இல்லை. ஆசிரியர்க்குக் கிடைப்பது பெரும்பாலும் விலையில் பத்து விழுக்காட்டளவே. கவிதைத் தொகுப்பு எழுதிய மாணவர் பலர் மூன்றாம் வழியொன்றில் சிக்குகின்றனர். செலவு முழுவதையும் ஆசிரியரிடமே பெற்று, பதிப்பகப் பெயரை மட்டும் பொறித்துத் தரும் வழி அது. செம்மையாக்கமும் இல்லை, விற்பனையும் இல்லை. அதனினும் சொந்தப் பதிப்பு எவ்வளவோ மேல்.

பதிப்பகத்தை நாடுவோர் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை அறிந்திருத்தல் நலம். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், ஒப்பமிட்டு அமைய வேண்டும். கால அளவு குறிக்கப்படாவிடின் அஃது ஐந்தாண்டு எனக் கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிக்கப்படாவிடின் இந்தியா மட்டுமே. உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதனைப் பயன்படுத்தாவிடின், ஒப்பந்தம் வேறு கூறாதவரை, அது காலாவதியாகும். 'முழு உரிமையும்' என்னும் சொல்லைக் கண்டதும் மகிழ்ந்து ஒப்பமிடுவோர் இவ்வரிகளை ஒருமுறை படிக்கட்டும்.

சொந்தமாக வெளியிடுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி அவரே பதிப்பாளர். வெளியான 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அவர் செலவிலேயே சேர வேண்டும்.