களிப்பிலும் சோர்விலும் நிதானம்

அங்கத்தினர்களே! தீபாவளிக்கு முன் தறி ஓயாது, கூலி நிறைய வரும், மனம் பொங்கும். பின்னர்க் கார்த்திகை மழையில் பாவு விரித்துக் கஞ்சியிட இயலாது, தறி நிற்கும், மனமும் சோரும். நல்ல விளைச்சலும் விலைச் சரிவும் காணும் உழவர்க்கும் இந்நிலை உண்டு.

வள்ளுவர் இரண்டிற்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். களிப்பில் கடமையை மறவாதிருக்க 54-ஆவதான பொச்சாவாமை. துன்பத்தில் தளராதிருக்க 63-ஆவதான இடுக்கண் அழியாமை.

ஆதலின், பொங்கிய நாளில் ஜாமீன் கையெழுத்து இடற்க. அன்றைய கூலியில் ஒரு பகுதியைச் சங்கச் சேமிப்பில் செலுத்துக. சோர்ந்த நாளில் தறியையோ நிலத்தையோ விற்க முனையாது, வீட்டாரோடு கலந்து பேசுக. சோர்வு இரு வாரம் நீடித்து, உறக்கமும் உணவும் கெடுமாயின், அது நோயாகலாம். அரசு மருத்துவமனையில் மருத்துவரைக் காண்க.

மழை விட்டால் பாவு மீண்டும் விரியும். விற்ற தறி எளிதில் திரும்பாது.