எழுத்தும் எண்ணும்: இணையத் தேடலில் ஓர் இடர்ப்பாடு

எழுத்தினை ஒலிவடிவு, வரிவடிவு என இருவகையாகப் பகுத்து மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றோம். கணினியோ இவ்விரண்டையும் அறியாது. அஃது அறிவது எண்வடிவு ஒன்றையே. இதனை உணராது இணையத்தில் தமிழ்ச்சொல் தேடுவோர், உள்ள பொருளையும் இல்லையென்று கருதித் திரும்புவர்.

மேசைக் கணினியில் தேடலை எளிதாக்கக் குறுக்குவழிகள் உண்டு. தேடற் பக்கத்தின் முகவரியைப் பதிந்து, சொல் வரவேண்டிய இடத்தில் வீதக்குறியையும் ஆங்கிலச் சிறிய ‘எஸ்’ எழுத்தையும் இட்டு, அதற்கொரு குறும்பெயர் சூட்டிவிடலாம். பின்னர் அப்பெயரையும் தேடுசொல்லையும் தட்டினாற் போதும். ஆயின் இணைய முகவரியில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் என்பவற்றுக்கே இடமுண்டு. தமிழெழுத்து வேடம் மாறியே உட்புகல் வேண்டும்.

அகரத்தை எடுத்துக்கொள்வோம். யுனிக்கோட்டில் அதன் எண் 2949. கென் தொம்சனும் றொப் பைக்கும் 1992இல் வகுத்த யூ.ரி.எவ்-8 முறையில் அது 224, 174, 133 என மூன்று பைற்றுகளாகும். ஒவ்வொரு பைற்றும் ஒரு வீதக்குறியும் இரண்டு பதினறும இலக்கமுமாக எழுதப்படும். இவ்வாறு ‘அம்மா’ என்னும் சிறுசொல் முகவரியில் நாற்பத்தைந்து குறிகளாய் நீளுகின்றது!

அனுப்புவோனும் பெறுவோனும் ஒரே முறையைக் கைக்கொண்டால் இடரில்லை. கே.டி.ஈ. மேசைத்தளத்தில் ஒவ்வொரு குறுக்குவழிக்கும் எழுத்துக் குறியாக்கத்தைத் தெரிவுசெய்யும் வசதி உண்டு. அங்கே தமிழுக்கு இடமற்ற மேலைநாட்டு முறையொன்றைத் தெரிந்துவிட்டால், போய்ச் சேருவன வினாக்குறிகளே. இழந்த சொல்லை அவற்றிலிருந்து மீட்டல் இயலாது. அனுப்பியது யூ.ரி.எவ்-8 ஆக, பெறுமிடம் மேலைநாட்டு முறையிற் படிப்பின், தலையிற் சாய்கோடுடைய ‘ஏ’ எழுத்தும் வட்டத்துள் அடைபட்ட ‘ஆர்’ எழுத்தும் மாறி மாறி வரும். அது கண்டு அஞ்சவேண்டுவதில்லை. சொல் அழியவில்லை, முறையைத் திருத்தினாற் சரியாகும்.

பாமினி எழுத்துருவின் கதை வேறு. அதில் ‘அம்மா’ என்று நாம் காண்பது, கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் கோவையே. நம் நாட்டில் எத்தனையோ மலர்களும் நினைவேடுகளும் அவ்வெழுத்துருவிலே கோக்கப்பட்டன. அக்கோப்புகளை அப்படியே இணையத்தில் ஏற்றிவைத்தால், யுனிக்கோட்டுச் சொல்லால் எத்துணை தேடினும் அவை அகப்படா. எழுதியவர் உழைப்பு கண்முன் இருந்தும் இல்லாததாகின்றது. யுனிக்கோட்டுக்கு மாற்றும் கருவிகள் உள. ஏற்றுமுன் மாற்றுதல் நம் கடன்.

குறுக்குவழி செம்மையாயிருந்தும் தேடல் பிழைப்பதுண்டு. ‘ஔ’ ஓரெழுத்து, அதன் எண் 2964. பலர் ஒகரத்தையும் (2962) ளகரத்தையும் (2995) அடுத்தடுத்துத் தட்டி அதனை ஆக்குகின்றனர். கண்ணுக்கு வேற்றுமை அரிது. கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். ஔவையாரைத் தேடிக் காணாதவர், முதலெழுத்தை அழித்து மீண்டும் ஒருமுறை தட்டிப் பார்ப்பாராக.