தேநீரில் கலந்த மாத்திரை

பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒருநாள் இரவு, திருமண விருந்திலிருந்து ஒருவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். கண்ணும் கழுத்தும் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. மாரடைப்பா, ஒவ்வாமையா என்று குழம்பினோம். “ரெண்டு கிளாஸ் பியர்தான் குடிச்சாரு” என்றனர் நண்பர்கள். சற்றுக் கழித்து அவருடைய மனைவி என்னைத் தனியே அழைத்தார். “தம்பி, ஊர்லேர்ந்து வாங்கிட்டு வந்த மாத்திரைய தேத்தண்ணியில கலந்து குடுக்கிறேன். அவருக்குத் தெரியாது.”

அது டைசல்ஃபிரம். மது நம் உடலில் முதலில் அசிட்டால்டிகைடு என்ற நச்சாக மாறும். பிறகு ஒரு நொதி அதைத் தீங்கற்றதாக்கும். டைசல்ஃபிரம் அந்த நொதியை முடக்கிவிடுவதால் நச்சு தேங்குகிறது. குடித்த 10 முதல் 30 நிமிடங்களில் தொல்லை தொடங்கும். மாத்திரையை நிறுத்தினாலும் 14 நாள் வரை இந்த ஆபத்து உண்டு. 1948-இல் டென்மார்க்கின் ஹால்ட், யாக்கப்சன் ஆகியோர் இதைக் குடிநோய்க்கு மருந்தாக அறிமுகப்படுத்தினர். ரப்பர் ஆலைகளில் இவ்வகை வேதிப்பொருளைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாததை அமெரிக்க ஆலை மருத்துவர் ஒருவர் 1937-இலேயே கவனித்திருக்கிறார். ரப்பரால் வாழ்ந்த சமூகம் நாம்; படித்தபோது வியந்தேன்.

இத்தகையவரைக் கண்டால் உடனே 999 அழையுங்கள், சிங்கப்பூரில் 995. மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். வாந்தியோ மயக்கமோ இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வலிந்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள். இதற்கென்று தனி மாற்று மருந்து இல்லை. உயிர்வாயு, நரம்பு வழியே உப்புநீர், இதயத் துடிப்பைக் கண்காணித்தல் ஆகியவைதாம் சிகிச்சை. அழுத்தம் ஏறாவிட்டால் நோரட்ரினலின். காரணம் தெரிந்தால் அரைமணி நேரக் குழப்பம் மிச்சம்.

அந்த அம்மாவைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் வீடு வந்து சேராத ஆத்திரத்தில் செய்தது. ஆனால், இம்மருந்தை உண்பவர் அறிந்து, இசைந்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் உண்ண வேண்டும். இருமல் மருந்திலும் வாய் கொப்பளிக்கும் திரவத்திலும்கூட மது இருக்கலாம். அறியாதவர் எப்படி ஒதுக்குவார்? இதய நோயாளியாக இருந்தால் உயிருக்கே உலை.

விடியலில் அழுத்தம் சீரானது. “நீங்களே அவர்கிட்ட சொல்லிடுறீங்களா தம்பி?” என்றார். “நீங்க சொல்லுங்கம்மா, நான் பக்கத்தில நிக்கிறேன்” என்றேன். கசங்கிய மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடி அவர் கட்டிலருகே போனார்.